மூன்றாம் நாள் உபயமும் செயலாளரின் மடிக்கணினியும்

எங்கள் கோயில் செயலாளரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு "பெரியவங்க, பெருந்தன்மையா விட்டிருக்கலாமே" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் திருவிழாவில் எந்த நாள் யார் வீட்டு உபயம், யார் இறந்து யார் கைக்கு வந்தது, யார் புலாவ் செபாங்கிலிருந்து வீடு மாறிப் போனார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் உபயப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை.

அந்தப் பட்டியலில் மூன்றாம் நாள் எங்களுடையது. சும்மா வந்ததில்லை. தோட்டத்தை விற்றுக் கோயிலை உடைத்தபோது, அம்மன் சிலைக்குப் போக இடமில்லை. குருபோங் பக்கம் தாமான் குடியிருப்பு ஓரத்தில் புதுக்கோயில் எழும்பும்வரை மூன்று வருடம் எங்கள் லைன் வீட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டில் மீன் வாசம் இல்லை. ஒருநாள்கூட விளக்கு அணையவில்லை. அதற்காகப் பெரியவர்கள் கூடி என் வீட்டுக்காரர் பேருக்குக் கொடுத்தது மூன்றாம் நாள். அவர் போய்விட்டார். மகன் இல்லை, ஒரே மகள். அந்த நாள் மட்டும் இருந்தது.

முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். கணினிக்கு மாறியதும் வினை வந்தது. செயலாளரிடம் ஒரு பட்டியல், தலைவரிடம் ஒன்று, வாட்ஸாப்பில் இரண்டு. ஒரு வருடம் ஐந்தாம் நாளுக்கு இரண்டு குடும்பம் மாலையோடு வந்து நின்று, அம்மன் முன்னாலேயே கைகலப்பு ஆகப் பார்த்தது. பத்து பெரண்டாம் ஊரிலிருக்கிற தொழிற்சாலையில் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிற என் மகள்தான் கிட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தாள். பட்டியல் ஒன்றுதான், ஆனால் எல்லாருடைய கணினியிலும் அதன் பிரதி இருக்கும். யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார்கள் என்று அது வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பும் எழுத வேண்டும்.

"பழசு எதுவும் போகாதும்மா. நீங்க மறந்தாலும் அது மறக்காது," என்றாள்.

தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு எனக்குக் கொடுத்தாள். விண்டோஸ் தாங்காத அளவுக்குக் கிழட்டு மெஷின் அது. எனக்குத் தோதுதான். செயலாளருடையது ஆபீசில் கொடுத்த புது விண்டோஸ். அதைத் திறக்கும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

போன வருடம் திருவிழாவுக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் போன் நம்பரை மாற்றினேன். "போன் நம்பர் மாறியது" என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. இரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் அச்சாகத் தயாரானது. மூன்றாம் நாளில் என் வீட்டுக்காரர் பேர் இல்லை. செயலாளரின் மச்சான் பேர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மகள் எழுந்து கேட்டாள். செயலாளர் இதற்காகவே காத்திருந்த மாதிரி மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் காட்டினார். நூற்று நாற்பது வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக மாற்றியவர் என்று என் பேர்.

"பாருங்க. மேலேருந்து கீழ வரைக்கும் அக்கா பேருதான். நானா மாத்துனேன்? ஒங்க மக கொண்டாந்த சிஸ்டம்தானேலா, அது பொய் சொல்லுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் குரலில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டார்.

"அக்காவ குத்தம் சொல்லலங்க. வயசாச்சு, கை பட்டிருக்கும். ஆம்பள இல்லாத வீடு, எதுக்கு இந்தப் பாரமெல்லாம்? மச்சான் எடுத்துச் செய்றேங்கிறாரு, செய்யட்டுமே."

நூறு கண்கள் என்மேல். முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நுனி இப்போதும் கசங்கித்தான் இருக்கிறது. அந்தச் சேலையை நான் தேய்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம், "அதத் தூக்கி லொங்காங்ல போடு," என்றேன். வாசலில் ஓடும் சாக்கடையைத்தான் சொன்னேன். நம்பி வைத்த பொருளே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் வேறென்ன செய்வது?

மகள் போடவில்லை. மூன்று நாள் வேலை முடிந்து வந்து அதையே நோண்டிக்கொண்டிருந்தாள். நான் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க எந்த மீனை உரித்தாலும் அதற்கு ஒரே முகம்தான்.

"அம்மா, கெடச்சிருச்சு," என்றாள். "ஒவ்வொரு வரி முடியிற எடத்துலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். விண்டோஸ் ரெண்டு குறி போடும். லினக்ஸ் ஒண்ணுதான் போடும். மொதல்ல இதையெல்லாம் ஒண்ணாக்கி வெச்சிருக்கணும், அது என் தப்பு. ஒங்களுக்கு முன்னாடி செயலாளர் சேவ் பண்ணப்ப எல்லா வரியிலயும் ரெண்டா ஆயிருச்சு. நீங்க நம்பர மாத்தி அனுப்புனப்ப நம்ம மெஷின் எல்லாத்தையும் திரும்ப ஒண்ணா ஆக்கிருச்சு. அதான் எல்லா வரியும் நீங்க மாத்துன மாதிரி காட்டுது."

எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் நிரை முடிகிற மரத்தில் சாயம் பூசுவோம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஒருவர் ஒரு கோடு போடச் சொல்வார். அடுத்து வருகிறவர் இரண்டு கோடு போட்டால்தான் தூங்குவார். காடு முழுக்கப் புதுச்சாயம் தெரியும், மரம் எல்லாம் பழைய மரம்தான்.

"அப்ப அவரு பூசுனதுல, நெசமா வெட்டுன மரம் எது?" என்று கேட்டேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தக் குறிகளைக் கணக்கில் எடுக்காதே என்று கட்டளை போட்டு, அவருடைய மாற்றத்தைத் திறந்தாள். நூற்று நாற்பது வரியும் மறைந்து ஒன்று மட்டும் நின்றது. சிவப்பில் என் வீட்டுக்காரர் பேர். அதற்குக் கீழே பச்சையில் மச்சான் பேர். அந்த மாற்றத்துக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு: "போன் நம்பர் திருத்தம்."

"லிஸ்ட சரி பண்ணி அனுப்பிடலாம்மா. சண்ட வேணாம்," என்றாள் மகள்.

"சரி பண்ணா மட்டும் போதாது," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு கூட்டம். மகள் தன் கணினியைத் தூக்கப் போனாள், நான் தடுத்தேன். எழுந்தேன். செயலாளர் மேசைவரை நடந்தேன்.

"ஒங்க மெஷின்லயே போடுங்க, தம்பி. நாளைக்கு எங்க மெஷின்ல ஏதோ பண்ணிட்டோம்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல."

மகள் வந்து கட்டளையைத் தட்டினாள். சுவரில் அந்த ஒற்றை வரி வந்து நின்றது. மேலே அவர் பேர், தேதி, நேரம், குறிப்பு.

"வாசிங்க, தம்பி. எனக்குக் கண்ணு மங்கல்."

அவர் முனகினார். முன்வரிசையில் இருந்த பழைய லாரி டிரைவர் பெரியவர் கையைத் தூக்கினார். "செயலாளரே, போன் நம்பரு எது, ஆளு பேரு எது? நம்பர்ல மீச வச்ச மாதிரி இருக்கே!"

மண்டபமே சிரித்தது. போன வாரம் சிரித்த அதே வாய்கள்தான். அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

"தெரியாம கை பட்டிருக்கும்..." என்றார் செயலாளர்.

"கை பட்டா மச்சான் பேராப்பா வரும்?"

இதைச் சொன்னது நான்தான். அன்றைக்கு அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அவரைப் பதவியிலிருந்து எடுக்க வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். தலைவர் வந்து என்னிடம் தனியாகக் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினேன். நல்ல மனசு என்றார் தலைவர். நல்ல மனசு எல்லாம் இல்லை. ஆள் போய்விட்டால் என் பாக்கியை யாரிடம் தீர்ப்பது?

இரண்டு நாள் கழித்து செயலாளர் மகளுக்குப் போன் செய்தார். "அந்தப் பழைய மாத்தத்த மட்டும் அழிச்சிடும்மா. என் பிள்ளைங்களும் அதப் பாக்கும்." மகள் என்னைப் பார்த்தாள். அழிக்க முடியுமாம், ஆனால் எல்லாருடைய பிரதியையும் மாற்ற வேண்டுமாம். என் பிரதியைத் தர மாட்டேன் என்றேன்.

அன்று மாலை நானே மூன்றாம் நாள் வரியைத் திருத்தினேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக் குறிப்பை எழுதினேன்: "மூன்றாம் நாள் உபயம், செயலாளர் எடுத்து மச்சானுக்குக் கொடுத்தது, உரியவருக்குத் திரும்பியது." மகள் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அனுப்பு என்றேன். நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றால் அவர் அதைத் தன் கையாலேயே தன் புது விண்டோஸில் இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கினார். இனி எந்த வருடம் திருவிழா வந்தாலும் பட்டியலின் கதையில் அது இருக்கும், அவர் வீட்டுக் கணினியிலும் இருக்கும்.

மூன்றாம் நாள் பூசையில் உபயக்காரர் பேரை மைக்கில் வாசிப்பது செயலாளர் வேலை. நான் பட்டுச்சேலை கட்டி, மகளோடு முன்னால் நின்றேன். அவர் தாளைப் பார்த்து, என் வீட்டுக்காரர் பேரை வேகமாக விழுங்கினார். நான் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன்.

"கேக்கல, தம்பி."

மறுபடி வாசித்தார். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டோடு காத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவ, தம்பி. கொஞ்சம் சத்தமா."

மூன்றாவது தடவை தாமான் கடைசி வீடுவரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.