மச்சானின் வலது கையும் ரப்பர் மீனும்

விரால் அடித்தால் தண்ணீர் வெடிக்கும். அல்லிக் கொடிகளுக்கு நடுவே வாலை ஆட்டிக்கொண்டு வரும், தூண்டிலில் கட்டிய ரப்பர் மீனை அது கவ்வுகிற ஓசை, கரையிலிருந்து யாரோ பெருங்கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருக்கும். அப்படி ஓர் அடி விழுந்த மறுகணமே என் மச்சான் தூண்டில் ராடைத் தலைக்கு மேல் வெட்டி இழுத்தார். மீன் வரவில்லை. ரப்பர் மீன் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தது. அதன் முள் உதட்டோரத்தைக் கிழித்துவிட்டது. மோவாயில் ரத்தம் வழிய, அவர் ராடைக் கருவேல மரத்தில் அடித்து ஒடித்தார். கையில் ஒரு சாண் துண்டு மிஞ்சிய பிறகும் நிறுத்தவில்லை. மரப்பட்டை தெறித்தது. நான் பக்கத்தில் போகவில்லை. அந்த நாட்களில் யாரும் அவர் பக்கத்தில் போவதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். காக்களூரில், இரும்புத் தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் நின்றோம். தகட்டை அச்சுக்குள் வைத்து, இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டுமென்று எங்கள் சூப்பர்வைசர் ஒரு பொத்தானை டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார். ஒரு கை அழுத்த, மறு கை தகட்டை வைக்கும். அன்று மச்சானின் வலது கை வெளியே வருவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகட்டோடு தகடாகக் கிடந்தன. டர்க்கி துண்டால் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். வழி முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "அவன் கைய உடைக்காம உட மாட்டேன் மாப்ள."

காயம் ஆறுவதற்கு முன்பே அவர் ஏரிக்கு வரத் தொடங்கினார். திருவாலங்காட்டுக்குப் போகிற வழியில், ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற ஏரி அது. முன்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவோம். அப்போது அது பொழுதுபோக்கு. இப்போது அவர் மீன் பிடிக்க வந்தவர்போல் இல்லை, சண்டைக்கு வந்தவர்போல் இருந்தார். இடது கையால் வீசக் கற்றுக்கொண்டார். மீன்களும் அடித்தன. ஆனால் முள் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வெடிக்கும், அவர் இழுப்பார், வெறும் ரப்பர் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் ஏதாவது உடையும். ஒருநாள் என் தூக்குச் சட்டி. இன்னொரு நாள் என் பைக்கின் கண்ணாடி.

பிரஸ் ஷாப்பில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் கோளாறு எங்கே என்று தேடுவது எங்களுக்குப் பழக்கம். ஒரு மாலை வீட்டில் உட்கார்ந்து அந்த ரப்பர் மீனைப் பார்த்தோம். கொடியில் சிக்காமல் இருக்க, முள்ளின் முனையை மீனின் முதுகு ரப்பருக்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். விரால் கடித்து ரப்பர் நசுங்கினால்தான் முனை வெளியே தலைகாட்டும். எங்களுடையது கெட்டி ரப்பர், நசுங்கவே இல்லை. முதுகில் பிளேடால் நீளமாகக் கீறிவிட்டேன். தடித்த முள்ளைக் கழற்றி மெல்லிய கம்பி முள்ளைப் போட்டு, முனையை நகத்தில் வைத்தால் வழுக்காமல் குத்தி நிற்கும்வரை அரத்தால் ராவினோம். தூண்டிலின் நைலான் நரம்பு இழுக்க இழுக்க நீண்டுகொடுத்தது. கையின் வேகம் முள்வரை போய்ச் சேரவில்லை. அதை எடுத்துவிட்டு நீளாத பின்னல் நூலைச் சுற்றினோம்.

அதன்பிறகு ஒன்றிரண்டு மாட்டின. இருந்தும் தப்பியவையே அதிகம். ஒரு ஞாயிறு என் மனைவியும் கூட வந்தாள். கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவள் சொன்னாள்:

"அண்ணா, அது அடிச்ச ஒடனே நீ இழுக்குற. அப்ப அது வாயத் தொறந்துகினுதான் கீது. மூட உடு. திரும்பட்டும். அப்பறம் இழு."

"லேட் பண்ணா துப்பிடும்மா."

"துப்புனா துப்பட்டும். இப்ப மட்டும் இன்னா கிழிச்சிட்ட?"

அவளைத் தவிர வேறு யார் அப்படிப் பேசியிருந்தாலும் மச்சான் அடித்திருப்பார். அடுத்த அடி விழுந்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ராடைத் தாழ்த்தி நூலின் தொய்வைச் சுற்றி எடுத்தார். நூலில் கனம் ஏறியதும் மேலே வெட்டாமல் பக்கவாட்டில் ஒரே இழுப்பு. ராடு வளைந்து நின்றது. கொடியையும் சேற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கைநீள விரால் கரையேறியது. மச்சான் ஒரு கல்லை எடுத்து அதன் தலையில் அடித்தார். செத்த பிறகும் அடித்தார். என் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "கொழம்பு வெக்கணுமா, வேணாவா?"

அன்றிலிருந்து அவருக்கு மீன் தப்புவது குறைந்தது. வீட்டிலும் பொருட்கள் உடையவில்லை. ஆள் மாறிவிட்டார் என்று நினைத்தோம்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள், நாங்கள் மூவரும் ஏரியில் இருந்தபோது சூப்பர்வைசர் அங்கேயே தேடிக்கொண்டு வந்தார். கையில் ஆப்பிள் நிறைந்த பை. கரையில் நின்று, மச்சானிடம் தணிந்த குரலில் பேசினார்.

"நாளைக்கு அவுரு கேட்டா, நாந்தான் அவசரத்துல கைய உட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. டேப்பு கீப்புன்னு எதுவும் வாணாம். கம்பெனி உன்ன பாத்துக்கும்."

மச்சான் ராடை மெதுவாகப் புல்லில் வைத்தார். அவர் எதையும் மெதுவாக வைத்து நான் பார்த்ததில்லை.

மறுகணம் சூப்பர்வைசரின் மூக்கில் முழங்கை இறங்கியது. ஆப்பிள்கள் சரிவில் உருண்டன. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, பிடரியில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார். "சொல்றா! யாருடா டேப் சுத்துனது?" தலை தண்ணீருக்குள் இருக்க, எப்படிச் சொல்வார்? நான் பாய்ந்து மச்சானின் இடுப்பைக் கட்டி இழுத்தேன், அசைக்க முடியவில்லை. என் மனைவி கரையிலிருந்து அலறினாள். "அண்ணா, உடுண்ணா! செத்துடுவாருண்ணா!" குமிழிகள் வந்தன. கலங்கல் தண்ணீரில் சிவப்பு கலந்தது. கால்கள் உதறிக்கொண்டிருந்தன. பிறகு உதறல் தளர்ந்தது.

திடீரென்று மச்சான் கையை எடுத்துவிட்டார். சூப்பர்வைசர் நான்கு காலில் தவழ்ந்து கரையேறிச் சேற்றுத் தண்ணீராகக் கக்கினார். மச்சான் தண்ணீரிலேயே முதுகைக் காட்டி நின்றார்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. மறுநாள் மச்சான் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் டேப் விஷயத்தைச் சொன்னார். நானும் பார்த்ததைச் சொன்னேன். அந்த பிரஸ் சீல் ஆனது. முதலாளி பழியை சூப்பர்வைசர் மேல் போட்டு அவரை அனுப்பிவிட்டு, வேறு பெயரில் வேறு இடத்தில் ஷாப் திறந்தார். எங்களுக்கும் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் எனக்கு லைனிலும் மச்சானுக்கு ஸ்டோர்ஸிலும் வேலை கிடைத்தது.

அந்த ஏரிக் காட்சியை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மீன் பிடிக்கப் பழகியதில் அவருக்குப் பொறுமை வந்துவிட்டது, அதுதான் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று முடிப்பேன். தன் அலறல்தான் காப்பாற்றியது என்பாள் என் மனைவி. மச்சான் அப்போதெல்லாம் அரத்தை எடுத்து முள்ளை ராவ ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் கம்பெனி கேட் எதிரே டீக்கடையில் நின்றிருந்தோம். கான்ட்ராக்ட் லோடுமேன்களின் கூட்டத்திலிருந்து ஒருவர் எங்களை நோக்கி வந்தார். நரைத்து, இளைத்து, மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. சூப்பர்வைசர். ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. மச்சான் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். மூவரும் குடித்தோம். பாதி டீயில் சூப்பர்வைசர் கேட்டார்:

"அன்னிக்கி ஏன்பா என்ன உட்ட?"

மச்சான் மூன்று விரல் கையை விரித்துப் பார்த்தார்.

"நீ தண்ணிக்குள்ள தட்டித் தடவி இந்தக் கையப் புடிச்ச. வெட்டுன எடத்துல, புண்ணு மேலயே. உயிர் போற வலி சார். அதான் உட்டேன். வலிக்கலன்னா உட்டுருக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். அவர் வெகுகாலமாக அறிந்திருந்த ஒன்றை உறுதி செய்துகொண்டதுபோல் இருந்தது. கேட்டுக்குள் சங்கு ஊதியது. இருவரும் கிளாஸை வைத்துவிட்டு ஒரே வாசல் வழியாக உள்ளே போனார்கள். என் கிளாஸில் இன்னும் டீ இருந்தது. நான் குடிக்கவில்லை.