முடி முன்னால் விழும் இடம்

என் கூட்டாளிக்குக் கழுத்தில் வீக்கம் வந்தபோது, தலையை ஆட்டி ஆட்டித்தான் அது வந்தது என்று இருவருமே நினைத்தோம். வருடக்கணக்காக வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டுக்குத் தலையாட்டியவன் அவன். நரம்பு பிசகியிருக்கும் என்று சித்தூரில் தைலம் வாங்கி நான்தான் தேய்த்துவிட்டேன். வீக்கம் கூழாங்கல் மாதிரி கையில் உருண்டது. வலிக்கவில்லை என்றான். வலிக்காவிட்டால் நல்லதுதானே என்று விட்டுவிட்டோம்.

எனக்கு ஊர் பிச்சாட்டூர் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு இடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. திருப்பதியில் லாட்ஜில் துணி துவைத்தேன், டைல்ஸ் ஒட்டினேன். மாம்பழக் காலத்தில் சித்தூரில் பழக்கூழ் ஆலைகளில் லோடு இறக்கப் போவேன். அங்கேதான் அவன் பழக்கமானான். நகரிக்காரன். குட்டியானை வண்டியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு வருவான். ஆலை வாசலில் வண்டிகள் அரை நாள் வரிசையில் நிற்கும். மற்ற வண்டிகளில் தெலுங்கு சினிமாப் பாட்டு ஓடும். இவன் வண்டியிலிருந்து மட்டும் ஏதோ இடிந்து விழுகிற சத்தம் வரும்.

“இன்னாடா இது, மிக்சியில ஆணியப் போட்டு அரைக்கிறாப்ல கீது?” என்று கேட்டேன்.

“ஏறி உக்காரு. அரைபடட்டும்,” என்றான்.

செல்போன் கடையில் பழைய மெமரி கார்டு ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்கு முன் வைத்திருந்தவன் யாரோ, பாட்டுகளை அழிக்காமல் விற்றுவிட்டான். எல்லாம் வெளிநாட்டு மெட்டல் பாட்டு. பாடுகிறவன் பேர், குழுவின் பேர் எதுவும் அதில் இல்லை, வெறும் நம்பர்தான். முதலில் அழிக்கத்தான் பார்த்தானாம். பதினோராவது பாட்டில் ஏதோ கணக்குத் தப்புகிற மாதிரி இருந்ததாம். தப்பு எங்கே என்று தேடித் தேடிக் கேட்டு, அது தப்பே இல்லை என்று புரிய ஒரு மாதம் ஆனதாம்.

அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இதுதான்.

“எல்லாத்தையும் கேக்காத. பின்னால ஒரு வெங்கலத் தட்டு சத்தம் வருதே, டிஸ்ஸு டிஸ்ஸுன்னு, அத மட்டும் புடி. அதுக்குத் தலைய ஆட்டிக்கினே வா. கித்தார் எங்கனா போய்ச் சாவட்டும், நீ வுட்றாத.”

“ஆட்டுனா?”

“உன் தலை நாலு நாலாப் போவுது. கித்தாரும் கீழ இருக்கிற பெரிய டிரம்மும் அஞ்சு அஞ்சாப் போவுது. ரெண்டும் ஒரே வாசல்ல கெளம்புச்சு. திரும்ப எப்ப ஒண்ணா வந்து சேரும், சொல்லு?”

“நாலஞ்சு இருபது.”

“அவ்ளோதான். எட்டாங்கிளாஸ் போதும் இதுக்கு.”

போதவில்லை. நான் கித்தார் பின்னால் இழுபட்டுப் போய்விடுவேன், தலை தடுமாறும், அவன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பான். மாம்பழக் காலம் முடிந்து, திருப்பதியில் அவன் வண்டியிலேயே லோடுமேனாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு நாள் புத்தூர் தாண்டும்போது, கோணலாக ஓடிக்கொண்டிருந்த அந்த அஞ்சு என் நாலின் தலையில் வந்து சரியாக உட்கார்ந்தது. “வந்துட்டான்!” என்று கத்தினேன். “வருவான்டா, அவன் எங்க போவான்,” என்றான்.

பதினோராவது பாட்டு அப்படி இல்லை. அதில் இரண்டும் நெருங்கி வரும், இதோ சேரப்போகிறது என்று இருக்கும், சேர வேண்டிய அந்த ஒரு அடியில் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். தட்டுகூட இருக்காது. சரியாகத் தலையாட்டி வந்தவனுக்கு அந்த இடத்தில் தலை மட்டும் விழும். அடுத்த அடியில் மறுபடி எல்லாம் ஆரம்பித்துவிடும். “அந்த எடத்த அவன் நம்ம கிட்ட வுட்டுட்டான் மச்சான். நாமதான் போடணும்,” என்பான்.

அவன் தலை விழுந்தால் பார்க்க நன்றாக இருக்கும். இடுப்பு வரைக்கும் முடி. இந்தப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் முடி வளர்ப்பார்கள் என்று போனில் பார்த்துவிட்டு இவனும் விட்டதுதான். திருப்பதியில் ஆம்பளை முடி வளர்த்தால் ஒரே அர்த்தம்தான். டீக்கடையில், பெட்ரோல் பங்கில், எங்கே போனாலும் “வேண்டுதலா? எப்ப எறக்கப்போற?” என்பார்கள். “சாமி இன்னும் கூப்புடல,” என்று அவனும் சொல்லிவைப்பான். நகரியில் அவன் அம்மாவும் அக்கம்பக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டார். மகனை யாரும் கேலி பேசக்கூடாதென்று சொன்னதுதான். ஆனால் வருடம் போகப் போக அவருக்கு அது நிஜ வேண்டுதலாகவே ஆகிவிட்டது.

அம்மாவுக்கு விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் வேலை. அந்தச் சத்தத்திலேயே இருந்து காது மந்தம். எப்போதாவது திருப்பதிக்கு வண்டியில் வருவார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மகனையே பார்த்துக்கொண்டு வருவார்.

வீக்கம் இரண்டாக, மூன்றாக ஆனபிறகுதான் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் என்றார்கள். தலையாட்டியதால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டான். அவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இல்லை என்றார். வெளியே வந்து, “அது போதும் மச்சான்,” என்றான்.

முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு அனுப்பும்போது, இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும் என்று நர்ஸ் சொன்னார். அம்மா அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

“நேந்துகினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, குடுக்காமலே வெச்சிருந்தோம். அதான் இப்படி ஆயிட்டுது. கொட்டறதுக்குள்ள மலைக்குப் போயிடலாம் நைனா.”

“நீ எங்க மா நேந்துகின? நீயா சொன்ன பொய்யி அது. பொய்க்கெல்லாமா சாமி கணக்கு கேக்கும்?”

“கேக்கும்.”

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முடி சாமிக்கு வளர்த்தது இல்லை, தலை விழுவதற்கு வளர்த்தது என்றான். அம்மா சோறு தின்னாமல் இருந்தார். ஒரு நாள் காலையில் தலையணையில் கொத்தாகக் கிடந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “எப்படியும் போவப்போவுது. குப்பையில போறதுக்கு மலைமேல போவட்டும். கெளம்பு,” என்றான். கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அவன் தோளிலும் சீட்டிலும் முடி விழுந்துகொண்டே இருந்தது. அம்மா ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்தார். சாமிக்குச் சேர வேண்டியது வழியில் தவறிவிடக்கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் புடவையில் ஒட்டியிருந்த ஒரு முடியையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

மொட்டை மண்டபத்தில் டோக்கனும் பிளேடும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அம்மா முதலில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, “இத்தையும் சேத்துக்கோங்க,” என்று நாவிதர் முன்னால் வைத்தார். அவருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, எடுத்து முடித் தொட்டியில் போட்டார். “தல வஞ்சு நாயனா,” என்று அவன் தலையைக் குனியவைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். தேய்த்த கையோடு முடி வந்துவிட்டது. கத்திக்கு வேலையே இல்லாமல் பாதித் தலை வெறுமையாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, “மந்துலா?” என்று மெதுவாகக் கேட்டார். மருந்துதான் என்று தலையாட்டினேன்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கவில்லை. ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்தியை வைத்து, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நிதானமாக இழுத்தார். முழு முடி இருக்கிற தலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா கை கூப்பிக்கொண்டு கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கும்போது ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டோம். பதினோராவதுதான். அந்த இடம் வந்தது. அவன் தலை விழுந்தது, உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“கனமே இல்ல மச்சான். எங்க வுழுதுன்னே தெரியல.”

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், “மொட்டை சூப்பரா கீதே, தரிசனம் நல்லா ஆச்சா?” என்று கேட்டார்கள். “ஆச்சுண்ணா,” என்று டீயை வாங்கிக்கொண்டான். என் பக்கம் திரும்பி, “நோவு வந்தா இந்த ஊர்லதான் வரணும். ஒருத்தனும் ஐயோ பாவம்னு பாக்க மாட்டான்,” என்றான். கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆள் பாதியாக இளைத்து, நான் பிடித்துக்கொண்டு நடத்திப் போகும்போதும், எதிரே வருகிறவர்கள் அவனை மலையிலிருந்து நடந்து இறங்கிய களைப்பில் இருக்கிறவன் என்று நினைத்து வழி விடுவார்கள்.

அடுத்த மாம்பழக் காலம் வருவதற்குள் போய்விட்டான். தலையில் பூனைமுடி மாதிரி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அவன் ஓட்டிய வண்டியிலேயே நகரிக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தூர் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மெமரி கார்டு இப்போது என் போனில் இருக்கிறது. போன தடவை நகரிக்குப் போனபோது அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“நைனா, அவன் கேட்டுக்கினு வருவானே, அதுல ஒரு எடம் வரும். அந்த எடத்தப் போடேன்.”

அவர் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிவிட்டு, சத்தத்தை முழுசாக வைத்தேன். இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அம்மா கண்ணை என் மேலேயே வைத்திருந்தார். நான் நாலு நாலாகத் தலையாட்டினேன். அஞ்சு நெருங்கி வந்தது. எல்லாம் நின்றது. என் தலை விழுந்தது.

“வந்துச்சா?” என்றார்.

“வந்துட்டுப் போச்சு மா.”

அம்மா அதைக் கழற்றி, முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“உனுக்கு முடி இல்ல நைனா. அவன் ஆட்டிக்கினே வருவான், அந்த எடத்துல மட்டும் முடி முன்னாடி வந்து மூஞ்ச மூடிக்கும். அத வெச்சிதான் எனக்குத் தெரியும்.”

இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். சோறு ஆறிப்போவுது, துன்னு.”