பன்னிரண்டரை மணி மேகம்

இன்று காலை அலுவலக நண்பர் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "மழை வருமா, பாருங்க" என்றார். வங்கக்கடல் மேல் வெள்ளையாக ஒரு திட்டு. என் கண் படத்தின் மூலையில் இருந்த நேரத்துக்குத்தான் போனது. அது கிரீன்விச் நேரம், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் ஊர் நேரம். எங்கள் வீட்டில் அதை ரத்தம் சிந்திக் கற்றோம். கூட்டும்போதெல்லாம் எனக்குக் கஞ்சி வாசனை வரும். நண்பர் சிரிப்பார், உங்களிடம் சொல்லலாம்.

பட்டுப் பாவுக்குப் போடும் அரிசிக் கஞ்சி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் முட்டுக் கொடுத்து, கஞ்சி தடவி வெயிலில் காயவிடுவார்கள். மழை பிடித்தால் எல்லாம் போச்சு. ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்த அண்ணன், ஒரு நாள் காலை அக்காவின் முகூர்த்தப் புடவைக்குப் பாவு விரிக்க நின்றான்.

மாப்பிள்ளை சேகர் எங்கள் தாய்மாமன் மகன், நாலு வீடு தள்ளி. செயற்கைக்கோள் படம் என்றால் பைத்தியம். சூரியனில் வெடிப்பு வந்தால்கூட எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார்.

"மச்சான், இது ராத்திரி பன்னண்டரை படம். வர்ற மேகமா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும். ஒதுங்கிப் போயிக்கினு இருக்குது. போடுப்பா" என்றார்.

உண்மையில் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அது காலை ஆறு மணிக்கு எடுத்த படம். மேகம் அப்போதுதான் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கஞ்சி காய்வதற்குள் காற்று வந்து அறைந்தது. முட்டுகள் பிடுங்கிக்கொண்டு பறந்தன. பாவு படார் படாரென்று அறுந்து சாக்கடையில் விழுந்தது. மழை முகத்தில் அடித்தது. நான் கஞ்சி வாளிக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன், அப்படியொரு சாமர்த்தியம். அண்ணன் மூங்கிலை எடுத்தான். சேகர் மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காதோடு சேர்த்து விழுந்தது அடி. கீழே விழுந்தவரையும் விடவில்லை. தெருவே ஓடிவந்து பிடிக்கும்வரை அடித்தான். மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

அக்கா அழவில்லை. அவன் கையிலிருந்த மூங்கிலைப் பிடுங்கி எறிந்தாள்.

"பாவு வேற போட்டுக்கலாம்ணா. காது வேற போட்டுத் தருவியா?"

மாமாவுக்கு அந்தக் காது இன்றுவரை கேட்காது. கடையில் எடுத்த சேலையில் மாமா வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. எங்களை அழைக்கவில்லை. அண்ணனை நினைத்தால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

இப்போது எங்கள் தெருவில் யாரும் பாவு விரிப்பதில்லை, வண்டிகள் நிற்கின்றன. அக்கா அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறாள். அவள் வரும் நேரம் தெரிந்து அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். அண்ணா என்று அவள் அவனைக் கூப்பிட்டது அந்த மழையில்தான் கடைசி.