மாடிப்படி உள்ளே வரும் வீடு

இந்த வலைப்பூவின் உச்சியில் இருக்கும் படத்தைப் பற்றி மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறீர்கள். இடப்பக்கம் பெரிய பள்ளிவாசல் மினாரா, நடுவில் மாதா கோவில் கோபுரம், சற்றுத் தள்ளி அம்மையார் கோவில், ஓரத்தில் தீக்குச்சி அளவுக்குக் கலங்கரை விளக்கம். ஊர் காரைக்கால். எடுத்த இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடி. பதினெட்டு வருடமாகத் துபாயில் வேலை பார்க்கிறேன். உலகமே வந்து படமெடுத்துப் போகும் கட்டடங்கள் என் அலுவலக ஜன்னலில் தெரிகின்றன. ஆனாலும் கணினித் திரையில் நான் வைத்திருப்பது இந்த நாலு உச்சிகளைத்தான். கடந்த ஜனவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பில் கிளம்பியது, அந்த மொட்டைமாடியைக் காப்பாற்ற.

என் அக்கா அதன் மேல் இன்னொரு மாடி கட்டப்போகிறாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா. வீடு இன்னும் காலமான எங்கள் வாப்பா பெயரில் இருப்பதால், நான் வந்து என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல் ஏறாது. இரண்டு வருடமாக லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று நாள் கடத்திவந்தேன். இந்த முறை நேரிலேயே போய் ‘வேறு இடம் பார்’ என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

புதுச்சேரியில் காலை 7.40க்குப் பேருந்து. சுமார் 135 கிலோமீட்டர், கட்டணம் 140 ரூபாய். கடல் தெரியும் என்று நம்பி இடப்பக்க ஜன்னலைப் பிடிக்காதீர்கள். கடல் தெரியாது, வெயில்தான் முகத்தில் அடிக்கும். சிதம்பரத்தில் பத்து நிமிடம் நிற்கும், டீ சுமார். புதுச்சேரியில் ஏறி, தமிழ்நாட்டைக் கடந்து, பூவத்தில் மறுபடியும் புதுச்சேரி மாநிலத்துக்குள் நுழைவீர்கள். மதுக்கடைப் பலகைகள் வரிசையாக வந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். 11.50க்குக் காரைக்காலில் இறங்கினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோ அறுபது ரூபாய், பேரம் பேசியும் அறுபதுதான். ஓட்டுநர் கோட்டுச்சேரிக்காரர், கண்ணாடியில் மாதா படம் ஒட்டியிருந்தார். தெருப் பெயரைச் சொன்னதும், “யாரு வீட்டுக்குங்க?” என்றார். பெருமையாக வாப்பா பெயரைச் சொன்னேன்.

“அந்தப் பேர்ல அங்க யாரும் இல்லியே சார்.”

அடையாளம் சொன்னேன். பச்சைக் கதவு, எதிரே தையல்கடை.

“அட, ஃபரீதாம்மா வீடுன்னு சொல்லுங்க!”

ஃபரீதா என் லாத்தாதான். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். நானும் அப்படித்தான் இருபத்தாறு வயதில் நாகூரில் என் மனைவி வீட்டுக்குப் போனேன். இந்த வீடு லாத்தா கல்யாணத்தன்றே அவளுடையதாகிவிட்டது, பத்திரத்தில் மாற்றாமல் விட்டது வாப்பாவின் சோம்பல். ஊரே அறிந்த ஒன்றை அறியாதவன் போல், ‘எங்கள் வீடு’ என்று பல வருடமாக எழுதிவந்தவன் நான் ஒருவன்தான்.

லாத்தா கதவைத் திறந்ததும் கேட்டாள்: “வா தம்பி. கையெழுத்துப் போட வந்தியா, போட்டோ எடுக்க வந்தியா?”

நேராக மாடிக்குப் போனேன். நாலும் அப்படியே இருந்தன, நடுவே ஒரு செல்போன் கோபுரம் மட்டும் கூடுதல். பத்து நிமிடத்தில் லாத்தாவின் இரண்டாவது மகள் ஷிஃபா காய்ந்த துணி எடுக்க வந்தாள். கீழ்வீடு அவள் அக்காவுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மேல்வீடு எழும்பினால்தான் இவளுக்குக் கல்யாணம் பேச முடியும்.

“இங்க கட்டலேன்னா வேற எங்கயாவது மனை வாங்கிதான் கட்டணும்ங்கறாங்க உம்மா,” என்றாள். “எனக்கு இந்த எடத்த விட்டுப் போக மனசில்ல மாமா. அடுப்படி ஜன்னல் லைட்டவுஸ் பக்கம்தான் வைக்கணும்னு இன்ஜினியர்ட்ட சொல்லிட்டேன்.”

“அப்புறம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போவுது?”

“மேல மொட்டமாடி வரும்ல மாமா?”

வரும். ஆனால் படி அவள் வீட்டுக்கு உள்ளே. கல்யாணமாகிப் புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் புகுந்து, வேடிக்கை பார்க்க மாடியேற எனக்கு என்ன வேலை? அதையும் சொன்னேன். துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

“கதவத் தட்டுங்க. நான் தொறக்க மாட்டனா? நீங்க வர்றப்பதான் பாக்குறீங்க. நான் தெனம் பாக்குறேன்.”

வெட்கமாகிவிட்டது. அந்த இடத்தின்மேல் எனக்கு மட்டும்தான் உயிர் என்று நினைத்திருந்தேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் லாத்தா மூன்றரைக்கு டோக்கன் வாங்கியே வைத்திருந்தாள். ஆதார், இரண்டு சாட்சி, கைரேகை, 4.20க்கு முடிந்தது. வெளியே வந்ததும் லாத்தா, “ஒனக்கு வருத்தந்தான். எனக்குத் தெரியும்,” என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டும் என்று கட்டளை.

அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமையைத் தவிருங்கள். திருநள்ளாறு கூட்டத்தில் காரைக்காலிலும் அறை கிடைக்காது. மற்ற நாட்களில் 1,000 முதல் 1,500 ரூபாய்க்குச் சுத்தமான அறை உண்டு. ஊரின் உச்சிகளைப் பார்க்க யார் வீட்டு மாடியும் வேண்டாம். மாலை ஐந்தரைக்கு அரசலாற்றுப் பாலத்தில் நின்றால் போதும், இலவசம். நாகூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு, 15 ரூபாய், அரை மணி நேரம்.

அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாகூரில் நாங்கள் இருப்பதும், மனைவியின் பிறந்த வீட்டின்மேல் எழுப்பிய மேல்வீடுதான். பதினாறு வருடத்துக்கு முன்பு, கட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். வேலை தொடங்குமுன் ஒரு மாலை, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் மொட்டைமாடி மூலையில் ஒரு மணி நேரம் நின்றார். டீக்குக் கூப்பிட்டும் இறங்கவில்லை. “ஒன் அண்ணன் என்ன, மாடிய அளக்குறாரா?” என்று மனைவியிடம் கேட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஊருக்கு வந்திருக்கிறார். கீழேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார்.

வீடு போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

“மச்சான், மாடி கட்டறதுக்கு முன்னாடி அன்னிக்கு மூலையில நின்னு என்ன பாத்தீங்க?”

யோசிக்கவே இல்லை. “தர்கா மினாரா. அந்த மூலையில நின்னாதான் அஞ்சும் ஒண்ணா தெரியும்,” என்றார். பிறகு மெல்ல, “இப்பவும் மேலேர்ந்து தெரியுதாங்க?”

“நல்லாவே தெரியுது மச்சான். இத்தன வருஷத்துல நீங்க ஒரு தடவகூட மேல ஏறலியே, ஏன்?”

“படி ஒங்க வீட்டுக்குள்ளதானே வருது,” என்றார். “நீங்க கூப்பிடலியே.”