எட்டாம் நம்பர் பட்டை

நம்பாவிட்டால் போங்கள். இதைச் சொல்ல எனக்கே நாலு மாதம் கழித்துத்தான் வாய் வந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது பட்டப்பகலில்.

வீட்டில் அடிபட்டு மீட்கப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்க்கும் காப்பகத்தில் நான் நர்ஸ். எட்டுக் குழந்தைகள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நாடி பார்க்கும் பட்டை இருக்கும். மதியம் எல்லாரும் படுத்ததும் கட்டில் கட்டிலாகப் போய் நின்று, கையிலுள்ள சின்னத் திரையில் எண்ணைப் பார்த்துக் குறிப்பேன். பயந்த பிள்ளைக்கு எகிறும். ஒருத்தன் விரல் சூப்புவான், ஒருத்தி தலையணையைக் கடிப்பாள். எட்டாம் கட்டில்காரி மட்டும் அசையமாட்டாள். ஆறு வயது. அழுததே இல்லை. எப்போது போனாலும் 68. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் சமத்து.

'பயம் தெளிந்துவிட்டது, அப்பாவிடம் அனுப்பலாம்' என்று அவள் வந்த பதினோராம் நாள் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அவள் பட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டேன். அன்று திங்கட்கிழமை.

புதன்கிழமை மதியம் 2.10. மற்ற ஏழு பேரும் தூங்கிவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும். திரையைப் பார்த்தேன். ஏழு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு எண்கள் இருந்தன.

எட்டாம் பட்டை... 144.

கருவிக் கோளாறு என்று நினைத்தேன். அணைத்துவிடலாம் என்று மேஜைப் பக்கம் நடந்தேன். 120... 96... மேஜையருகே நின்றேன். 68.

2.14. சரி, அடங்கிவிட்டது என்று திரும்பினேன். ஐந்தடி வைத்ததும் 110. வாசலுக்குப் போனதும் 151.

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் மேஜைக்கு நடந்தேன். எண் இறங்கவில்லை.

திரும்பப் போய்ச் செருப்பை மாட்டினேன். டக்... டக்...

இறங்கியது.

என் காலடிக்கு அடங்குகிறது.

ஆபத்து பக்கத்தில் வந்தால் சில குழந்தைகளுக்கு இதயம் ஓடாது, ஒடுங்கும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பதினோரு நாளும் அவள் தலைமாட்டில் போய் நின்றுகொண்டுதானே எண்ணைப் பார்த்தேன், பாவி.

இழுப்பறையைத் திறந்தேன். பட்டையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது...

2.21. திரையில் 0.

ஆயாம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"சமத்து வீட்டு நம்பர் எடுங்க. இப்பவே."

போனை எடுத்தது ஒரு போலீஸ்காரர். அப்பன் ஓடிவிட்டானாம். காலையில்தான் துணி அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே அவள், உள்காயத்தோடு. செவ்வாய் இரவே உயிர் போய்விட்டதாம்.

நான் எண்ணைப் பார்த்தது புதன்கிழமை.

"செவ்வாய் சாயங்காலமே பக்கத்து வீட்டுல போன் பண்ணி எங்களக் கூப்பிட்டாங்கம்மா," என்றார். "ரெண்டு பேரு போனோம். அந்த அலமாரி முன்னாடியே நின்னு கூப்பிட்டோம். மூச்சுச் சத்தம்கூட வரல. வெளிய எங்கயோ போயிருக்கும்னு திரும்பிட்டோம்."

அடுத்ததை மெதுவாகச் சொன்னார்.

"நாங்க நின்னப்ப புள்ளைக்கு உயிர் இருந்துச்சாம். டாக்டர் சொல்றாரு."