கைதட்டினால் எழுந்திருப்பார்

எஞ்சின் நின்றதும் படகில் இருக்கும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. தலத்தெருவில் என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அரசலாற்றில் அப்படியில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எழுந்து போக வழியில்லாமல் உட்காரவைத்த எட்டுப் பேர். நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆற்றங்கரையில் ஏற்றி, பாலத்துக்கு அடியில் போய், அலையாத்திச் செடிகளையும் நீர்க்காகங்களையும் காட்டி, ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது எங்கள் பயணம். பாதிப் பேர் திருநள்ளாற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருவார்கள். “சனீஸ்வரனைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்திருக்கீங்க. ஏழரை இன்னும் விடல” என்று ஆரம்பிப்பேன். முதல் சிரிப்பு அங்கேயே விழுந்துவிடும்.

எனக்குப் பேச்சு மட்டும்தான். படகை ஓட்டியது காரைக்கால்மேட்டு அண்ணன். பல வருஷம் கடலுக்குப் போனவர். முதுகு ஒத்துழைக்காமல் போனபின் சுற்றுலாப் படகுக்கு வந்தார். “இது ஆறா தம்பி, குளிக்கிற தொட்டி” என்பார். அதற்குமேல் பேசமாட்டார். சிரித்தால்கூடச் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்த மனிதரைப் போய் நடிகராக்கியவன் நான். முகத்துவாரத்துக்கு முந்தின வளைவில் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையைப் படகைத் திருப்பும் கைப்பிடிமேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். நான் பதறுவதுபோலப் பதறி, “நேத்து வீட்டுல சண்டைங்க. அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு. எல்லாரும் கைதட்டினாத்தான் எழுந்திருப்பாரு” என்பேன். எட்டுப் பேரும் தட்டுவார்கள். அண்ணன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து, எழுந்து, எஞ்சினைக் கிளப்புவார். முதலில் வெட்கப்பட்டார். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் நூறு பேர் தட்டுகிற மாதிரி ஒரு கூட்டம் தட்டியது. கரையில் இறங்கும்போது, “இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவராக என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பிறகொரு நாள் எஞ்சின் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றது. பாலம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அண்ணன் இன்று முந்திக்கொண்டார், சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் போல என்றுதான் நினைத்தேன். வழக்கமான வசனத்தைச் சொன்னேன். தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பிரமாதம், மனுஷன் நடிப்பைக் கூட்டிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. “கோவம் ஜாஸ்தி போலருக்கு. இன்னும் பலமா!” என்றேன். தட்டினார்கள். பின் வரிசையில் இருந்த அம்மா ஒருவர், “சார், அவரு கை தண்ணியில தொங்குதுங்க” என்றார். இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மீன் புடிக்கிறாருங்க.” படகே குலுங்கிச் சிரித்தது. மூன்றாவது முறை தட்டச் சொன்னேன். விசிலும் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் படகு தானாகப் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. கைப்பிடியை அவர் பிடித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் நடந்த எதிலும் எனக்குப் பெருமை இல்லை. அவரை நிமிர்த்தினேன். எஞ்சின் கயிற்றை இழுத்தேன். அத்தனை வருஷம் அந்தப் படகில் போய்வந்தும் அதை ஓட்டக் கற்றுக்கொள்ளாத ஜென்மம் நான். போன் போட்டு, இன்னொரு படகு வந்து கட்டி இழுத்து, கரை சேர்ந்து, ஆஸ்பத்திரி. “விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று டாக்டர் கேட்டார். நிமிஷக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. மூன்று கைதட்டல் நேரம் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? “இப்பத்தாங்க” என்றேன். அந்த எட்டுப் பேரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர்களும் என்னைப்போல் எங்கோ ஓர் ஊரில் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

அண்ணியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். கருமாதிக்குப் போனேன், சொல்லவில்லை. வேறொரு நாள் வாசல்வரை போய், பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தேன். வேலையை விடவில்லை. புது ஓட்டுநர், “நானும் அந்தத் தூங்குற நடிப்பைச் செய்யட்டுமா?” என்று கேட்டான்; வேண்டாமென்றேன். மற்ற ஜோக்குகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஜனங்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சிரிப்பும் அந்தக் கேள்விபோல் கேட்கிறது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று.

போன மாதம் ஒரு காலை, துணிந்து காரைக்கால்மேடு போனேன். மீன் ஏலம் முடிந்து பெண்கள் மீனைக் கூடைகளில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் அங்கே இருந்தார்.

“வா தம்பி. என்னா, ஆளே எளச்சிட்ட?”

“அண்ணி, அன்னிக்குப் படகுல...” என்று ஆரம்பித்தேன்.

அவரே எடுத்துக்கொடுத்தார். “நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன். வீட்டுல வந்து எங்களுக்கெல்லாம் அதப் பண்ணிக் காட்டுவாரு தம்பி. தலையச் சாச்சுக்கிட்டு, தட்டு தட்டுன்னு நிப்பாரு. அன்னிக்கு அது ஆச்சா? இல்ல அதுக்கு முன்னாடியே போயிட்டாரா?”

நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. பரிசு கிடைத்ததா என்று பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

“தட்டினாங்க அண்ணி. மூணு தடவ.”

“மூணு தடவையா!” அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டி, “கேட்டியா? எங்க வீட்டு ஆளுக்கு மூணு தடவ தட்டுனாங்களாம்” என்றார்.

அந்தப் பெண் சங்கரா மீனைக் கூடையில் போட்டபடியே, “இன்னொரு தடவ தட்டிருந்தா எந்திரிச்சிருப்பாரோ என்னமோ” என்றாள்.

அண்ணிதான் முதலில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக.