மணி அடித்தும் எழுந்திருக்காத வாத்தியார்

பள்ளிக்கூடம் தீப்பற்றி எரியும்போது உள்ளே நாற்காலியில் தூங்கிய வாத்தியார் எவராவது உண்டா என்று கேட்டால், நான் கூச்சப்படாமல் கை தூக்கலாம். யுத்த சமயம். ஜேடர்பாளையம் பக்கத்தில், கரும்புச் சோகை, அதாவது காய்ந்த தோகை, வேய்ந்த சின்னப் பள்ளிக்கூடம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தலைமையாசிரியை அம்மாவின் கவலையோ பக்கத்துத் தோட்டத்து வெல்ல ஆலையைப் பற்றியது. மாசிக் காற்றில் ஒரு பொறி பறந்து வந்தால் போதுமே! அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை. மணி விடாமல் அடித்தால், சிலேட்டைப் போட்டுவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து, சத்தமில்லாமல் வாய்க்கால் மேட்டுக்குப் போக வேண்டும். பின்பக்கச் சுவருக்குப் பதிலாக நின்ற ஓலைத் தட்டியைக்கூட, உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டவைத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஜப்பான்காரன் நம்மூரு வெல்லத்துக்கா வாரான்?" என்று கேலி பண்ணுவேன்.

"அவன் வராட்டிப் போறானுங்க. ஆலை அடுப்பு தெனமும் எரியுதுங்களே!" என்பார்.

ஒத்திகையில் நான் மட்டும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். கேட்டால், "குண்டு உழுந்து செத்தவன் வேசத்த யாராச்சும் போட வேண்டாமுங்களா?" என்பேன்.

ஒருநாள் மத்தியானம் மணி விடாமல் அடித்தது. இன்று வெள்ளிக்கிழமை இல்லையே என்று யோசிக்கக்கூட எனக்குச் சோம்பல். வழக்கம்போல் செத்துவிட்டேன். ஒரு குழந்தையாவது அலறியிருந்தால் விழித்திருப்பேன். அத்தனை பேரும் பூனை போல வெளியேறிவிட்டார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார் அந்த அம்மா!

புகை தொண்டையைப் பிடித்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். வாசல் பக்கக் கூரை கொழுந்துவிட்டு எரிந்தது. பின்பக்கத் தட்டியில் எதை இழுத்தால் அவிழும் என்று ஒத்திகையில் தூங்கியவனுக்கு எப்படித் தெரியும்! அப்போது பின்பக்கத் தட்டி சடாரென்று விழுந்தது. சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு அந்த அம்மா உள்ளே வந்தார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் மேட்டில் ஏறுவதற்குள் கூரை உள்ளே சரிந்தது.

மேட்டில் பிள்ளைகள் கை கோத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. அவர்களை எண்ணிய கையோடு வாத்தியார்களையும் எண்ணியிருக்கிறார். கேலி பண்ணியவன்தானே என்று என்னை விட்டுவிடவில்லை. இன்றும் எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் வெளியே போகும் வழியைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. கூடவே அவர் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்று நன்றி சொல்ல வாயெடுத்தேன். கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "வாத்தியாரே, வார வெள்ளிக்கெழம ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக கையப் புடிச்சுக்கிட்டு வாங்க. அதுகளுக்கு வழி தெரியுமுங்க."